சிம் பேஸ்போல் லீக்கில் அணி நடத்துவதும் டிராஃப்ட் எடுப்பதும்: மலைநாட்டிலிருந்து ஆடுவோருக்கு

அவுட் ஒப் த பார்க் பேஸ்போல் என்பது கொம்பியூட்டரில் ஒரு பேஸ்போல் அணியை நிர்வகிக்கும் விளையாட்டு; ஆட்டங்களை கொம்பியூட்டரே ஓட்டும், அதைத்தான் சிம் என்கிறோம். அதில் பல சீசன் ஓடிய ஒன்லைன் லீக் ஒன்றில் சேர்பவருக்குப் புது அணி கிடைப்பது அரிது. யாரோ கைவிட்டுப்போன அணிதான் பெரும்பாலும் கைக்கு வரும். தேய்ந்துபோன பெரிய வீரர் ஒருவருக்கு இன்னும் நாலு வருடச் சம்பளம் பாக்கி இருக்கும், இளையவர்களை வளர்க்கும் கீழ்நிலை அணிகளான மைனர் லீக் வெறுமையாகக் கிடக்கும். மூன்று வருடம் கழித்து யார் எந்த இடத்தில் ஆடுவார், அவருக்கு எவ்வளவு சம்பளம் என்று இன்றே எழுதி வைத்திருப்பவர்தான் இப்படிப்பட்ட லீக்கில் நிலைத்து ஜெயிக்கிறார். கீழே சொல்வதெல்லாம் அந்தத் தாளை நிரப்புவதற்காகத்தான்.

முதலில் நேரம்

பெரும்பாலான லீக்குகள் அமெரிக்கக் கிழக்குக் கரை நேரத்தில் நடக்கின்றன. மார்ச் இரண்டாவது ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை இலங்கையில் நாம் அவர்களைவிட 9½ மணித்தியாலம் முன்னால் இருக்கிறோம். மற்ற மாதங்களில் 10½. டீம் ஃபைலை அனுப்ப அவர்கள் இரவு 9 மணிக்குக் கெடு வைத்தால் நமக்கு அது மறுநாள் காலை 6.30, நவம்பருக்குப் பிறகு 7.30. ஹட்டனிலும் பண்டாரவளையிலும் வேலைக்கும் ஸ்கூலுக்கும் கிளம்பும் நேரம் அது. ஆகவே கெடு எப்போதும் முந்திய இரவுதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலை ஒழுங்கு இது: லீக்கை நடத்தும் கொமிஷனர் ஏற்றிய லீக் ஃபைலை இறக்குங்கள். திறந்ததும் விளையாட்டுக்குள் காட்டும் திகதி கடைசி சிம் முடிந்த திகதிதானா என்று பாருங்கள். மாற்றங்களைச் செய்து டீம் ஃபைலை எக்ஸ்போர்ட் பண்ணுங்கள். பிறகு லீக் தளத்தில் உங்கள் அணிக்கு நேரே புதிய நேரம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பலர் கோட்டைவிடுவது இரண்டாவது படியில். பழைய ஃபைலைத் திறந்து ஒரு மணிநேரம் உட்கார்ந்து செய்த வேலை, அடுத்த சிம்முக்குச் செல்லாது. கொமிஷனர் அறிவிக்கும்வரை புதிய வெர்ஷனுக்கு மாறவும் கூடாது. அவருடைய வெர்ஷனும் உங்களுடையதும் ஒத்துப்போகாவிட்டால் ஃபைல் தகராறு பண்ணும்.

வருடக்கணக்காக ஓடிய லீக்கின் ஃபைல் நூற்றுக்கணக்கான எம்பி வரும். பள்ளத்தில் இருக்கும் தோட்டங்களில் பகலில் சிக்னல் இழுபறியாக இருந்தால், இரவு டேட்டா உள்ள பெக்கேஜில் நள்ளிரவுக்குப் பிறகு இறக்கி வையுங்கள். மார்ச், ஏப்ரல் மாதங்களில் பின்னேரம் இடி மின்னல் அதிகம். அந்த நேரத்தில் ரவுட்டரையும் சார்ஜரையும் கழற்றிவிட்டு பெட்டரியில் வேலை செய்யுங்கள்.

அணி கைக்கு வந்த முதல் நாள்

யாரையும் விற்காதீர்கள். புதிதாக வந்த ஜிஎம்மிடம் (அணி நடத்துபவரிடம்) மலிவாக எதையாவது வாங்கிவிடலாம் என்று முதல் வாரத்திலேயே நாலைந்து பேர் செய்தி அனுப்புவார்கள். முதலில் ஒப்பந்தப் பக்கத்தைத் திறந்து அடுத்த மூன்று வருடத்துக்கு நிச்சயமாகக் கட்ட வேண்டிய சம்பளத்தைக் கூட்டி எழுதுங்கள். அடுத்தது 40 பேர் பட்டியல், அதாவது மேஜர் அணிக்கு அழைக்கக்கூடிய ஒப்பந்த வீரர்கள். அதில் ஒப்ஷன் (வேறு அணிக்குப் பறிகொடுக்காமல் மைனருக்கு அனுப்பும் உரிமை) தீர்ந்தவர்கள் யார் என்று குறியுங்கள். நிஜ மேஜர் லீக் (அமெரிக்காவின் உச்ச நிலை) விதிப்படி ஒருவருக்கு மூன்று ஒப்ஷன் வருடம். ஒரு சீசனில் 20 நாளோ அதற்கு மேலோ மைனரில் கழித்தால் ஒன்று செலவாகும். மூன்றும் தீர்ந்தவரைக் கீழே அனுப்ப வேவர்ஸ் (மற்ற அணிகளுக்கு முதலில் அவரைக் காட்டும் முறை) வழியாகத்தான் போகவேண்டும், அங்கே இன்னொரு அணி அவரைத் தூக்கிக்கொள்ளலாம். லீக்கின் சொந்த விதிப் பக்கத்தையும் ஒரு தடவை முழுதாக வாசியுங்கள். டிஎச் (பந்து வீசும் பிட்சருக்குப் பதிலாக அடிக்க மட்டும் வருபவர்) உண்டா, சம்பள உச்சவரம்பு உண்டா, டிராஃப்ட் (புது வீரர்களை அணிகள் முறைவைத்து எடுப்பது) எத்தனை சுற்று என்பதெல்லாம் லீக்குக்கு லீக் மாறும்.

டிராஃப்ட்

வருடாந்த அமெச்சூர் டிராஃப்டில் ஒவ்வொரு சுற்றும் ஒரே வரிசையில் போகும். லீக் பிறக்கும்போது நடக்கும் முதல் டிராஃப்ட் பெரும்பாலும் பாம்பு வரிசை: 30ஆம் அணி 30, 31 இரண்டையும் அடுத்தடுத்து எடுக்கும். நடக்கும் லீக்கில் சேர்பவருக்கு முதல் வகைதான் முக்கியம்.

டிராஃப்ட் அவர்களுடைய இரவில், நம்முடைய விடியலில் நடக்கும். அதனால் நீங்கள் ஏற்றிவைக்கும் லிஸ்ட்தான் உங்களுக்காக ஆளை எடுக்கப்போகிறது. எத்தனை பெயர் வேண்டும்? 30 அணி லீக்கில் உங்கள் இடம் 12 என்றால், மூன்றாம் சுற்றில் நீங்கள் எடுப்பது மொத்தத்தில் 72ஆவது ஆள். உங்களுக்கு முன்னால் எடுத்த 71 பேரும் உங்கள் லிஸ்டிலேயே இருந்தாலும் கை வெறுமையாகாதிருக்க 72 பெயர் தேவை. அதற்குக் குறைந்தால் மிச்சத்தை கொம்பியூட்டர் தன் விருப்பத்துக்கு எடுக்கும். முதல் 30 பெயரை ஆறுதலாக அலசுங்கள், மற்றவற்றை வடிகட்டி வைத்து வேகமாக அடுக்கிவிடலாம்.

எண்களை வாசிப்பதற்கு வருவோம். 20 முதல் 80 வரையான அளவில் 50 என்பது மேஜர் லீக் சராசரி. கிரிக்கெட் பார்த்துப் பழகிய கண் முதலில் கொன்டெக்ட் (பந்தை அடித்து ஹிட் எடுக்கும் திறமை) எண்ணில்தான் போய் நிற்கும். பேஸ்போலில் ஒழுங்கான இடத்துக்கு வெளியே வரும் நாலு பந்தை விட்டுவிட்டு வோக் வாங்கி முதல் பேஸுக்குப் போவதும் அவுட்டாகாமல் இருப்பதுதான். அதைச் சொல்லும் எண் ‘ஐ’ (கண்). கொன்டெக்ட் 50, ஐ 65 உள்ளவர் பல வேளை கொன்டெக்ட் 60, ஐ 35 உள்ளவரைவிட அதிகம் பேஸில் நிற்பார். ஸ்ட்ரைக் அவுட் தவிர்க்கும் எண் கொன்டெக்டுக்குள் ஏற்கெனவே கலந்திருக்கிறது. இரண்டையும் தனித்தனியாகக் கூட்டினால் ஒரே திறமைக்கு இரண்டு தடவை புள்ளி போட்டதாகிவிடும்.

இப்போது இரண்டு பேரைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். எண்கள் எல்லாம் பொட்டென்ஷல், அதாவது வளர்ந்து முடிந்தால் எட்டக்கூடியவை.

ஒருவர் 18 வயது ஹைஸ்கூல் ஷோர்ட் ஸ்டொப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு இடையே நிற்பவர்): கொன்டெக்ட் 50, பவர் 40, ஐ 60, இன்ஃபீல்ட் ரேஞ்ச் 65, ஆர்ம் 60, வேர்க் எதிக் உயர்வு. நட்சத்திரம் (விளையாட்டு தரும் மொத்த மதிப்பு) 3. மற்றவர் 21 வயது கல்லூரி முதல் பேஸ்காரர்: கொன்டெக்ட் 55, பவர் 60, ஐ 50, ரேஞ்ச் 35. நட்சத்திரம் 3½.

முதலாமவரை எடுங்கள். முதல் பேஸ்காரர் தன் எண்களை முழுதாக எட்டினால்தான் சாதாரண முதல் பேஸ்காரர் ஆவார். பவரில் 10 குறைந்தாலே அவருக்கு மேஜர் லீக்கில் இடமில்லை. ஷோர்ட் ஸ்டொப்பின் அடி 10 குறைந்தாலும் ஃபீல்டிங் அவரைத் தாங்கும், ஏனெனில் அடிக்கும் எண்களைப்போல ஃபீல்டிங் எண்கள் அவ்வளவு ஏறி இறங்குவதில்லை. அவரை இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நகர்த்தலாம். முதல் பேஸிலிருந்து ஒருவரை ஷோர்ட் ஸ்டொப்புக்குக் கொண்டுவர முடியாது. கெட்சர், ஷோர்ட் ஸ்டொப், சென்டர் ஃபீல்ட் ஆகிய மூன்று இடத்து ஆட்களுக்கும் லிஸ்டில் எப்போதும் ஒரு படி மேலே இடம் கொடுங்கள்.

பிட்சரில் ஸ்டஃப் ஸ்ட்ரைக் அவுட்டையும், மூவ்மென்ட் ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர்போல) கொடுக்காமலிருப்பதையும், கொன்ட்ரோல் வோக் கொடுக்காமலிருப்பதையும் சொல்கின்றன. பெரிய ஏமாற்று எது என்றால், ஸ்டஃப் 70, கொன்ட்ரோல் 35, இரண்டே வகைப் பந்து உள்ளவர். நட்சத்திரம் மின்னும், ஆனால் வளர்ந்து முடிந்தால் ரிலீவர் (ஆட்டத்தின் நடுவில் வந்து கொஞ்சம் வீசுபவர்). ஆட்டத்தைத் தொடங்கும் ஸ்டார்ட்டர் ஆக ஓரளவு நல்ல மூன்று வகைப் பந்தும், 50க்குக் குறையாத ஸ்டமினாவும் வேண்டும். ரிலீவரை முதல் ஐந்து சுற்றுக்குள் தொடவே வேண்டாம். வருடா வருடம் சீசனுக்கு முன்னால் மலிவாகக் கிடைப்பார்கள். காயம் படும் தன்மையில் ‘ஃப்ரெஜைல்’ என்றிருந்தால் பிட்சரை இரண்டு சுற்று பின்னுக்குத் தள்ளுங்கள். முழங்கைக்கு டொமி ஜோன் சத்திர சிகிச்சை என்றால் ஒரு வருடத்துக்கு மேல் போய்விடும். அது வளரும் வயதில் போகும் வருடம்.

வீரர்களை மதிப்பிடும் உங்கள் ஸ்கவுட் யார் என்பதும் இந்த எண்களுக்குள் இருக்கிறது. ‘டூல்ஸ்’ விரும்பும் ஸ்கவுட் இளையவர்களின் பொட்டென்ஷலை உயர்த்திக் காட்டுவார். ‘எபிலிட்டி’ விரும்புபவர் இப்போது ஆடக்கூடியவரை உயர்த்துவார். விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் பொது ஸ்கவுட்டிங் அறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகிறவரை முன்னே போடுங்கள். 15 புள்ளி வித்தியாசப்படுகிறவரை எடுப்பது சூதாட்டம். மூன்றாம் சுற்றுக்குப் பிறகு போதும். மறுகட்டுமானத்தில் இருக்கும் அணி என்றால் ஸ்கவுட்டிங் பணத்தின் பெரும்பங்கை அமெச்சூர் பக்கம் திருப்புங்கள்.

எடுக்க முன்னர் கேட்கும் தொகையையும் பாருங்கள். ‘ஸ்லொட்’ என்றிருப்பவர் அந்த இடத்துக்குரிய பணத்துக்குக் கையெழுத்து வைப்பார். அதைவிடப் பல மடங்கு கேட்பவரை எடுத்துவிட்டு பட்ஜெட்டில் பணமில்லையென்றால் அவர் கல்லூரிக்குப் போய்விடுவார், உங்கள் சுற்றும் வீண்.

எடுத்தவரை வளர்ப்பது, நாட்களை எண்ணுவது

ஹைஸ்கூல்காரரை மைனரின் அடிமட்டமான ரூக்கி நிலையிலும் கல்லூரிக்காரரை ஏ நிலையிலும் தொடங்குங்கள். ஒரே இடத்துக்கு இரண்டு நல்ல இளைஞர்களை ஒரே அணியில் வைத்தால் பாதிப் பாதி ஆடி இருவருமே தேங்கிப்போவார்கள். ஒருவரை ஒரு நிலை மேலேயோ கீழேயோ நகர்த்துங்கள்.

மேஜரில் 172 நாள் ஒரு சேவை வருடம். மூன்று வருடம் வரை குறைந்த சம்பளம், பிறகு ஆர்பிட்ரேஷன் (நடுவர் தீர்ப்பில் சம்பளம்), ஆறு வருடம் நிறைந்தால் அவர் ஃப்ரீ ஏஜென்ட் (எந்த அணிக்கும் போகலாம்). சீசன் ஏறத்தாழ 187 நாள் ஓடுகிறது என்றால், தொடங்கி 16 நாள் கழித்து அழைத்த இளைஞருக்கு அந்த வருடம் 171 நாள்தான் சேரும். அவரை இன்னொரு வருடம் வைத்திருக்கலாம். பிளேஓஃப் போட்டியில் இருக்கும் அணி இந்தக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை, அந்த இரண்டு வாரத்து வெற்றி அதைவிடப் பெறுமதி.

மற்ற அணிகளின் மைனர் வீரர்களை எடுக்கும் ரூல் 5 டிராஃப்ட் டிசம்பரில். 18 வயதிலோ அதற்கு முன்போ ஒப்பந்தமானவர் ஐந்து சீசனும், 19 அல்லது மேல் என்றால் நாலு சீசனும் கடந்துவிட்டால் 40 பேர் பட்டியலில் சேர்க்கவேண்டும். இல்லாவிட்டால் மற்ற அணி எடுக்கலாம். ஆனால் எடுத்த அணி அடுத்த சீசன் முழுக்க அவரை மேஜர் பட்டியலில் வைத்திருக்க வேண்டும். ஆகவே மேஜருக்கு இரண்டு படி கீழான டபிள் ஏயில் நன்றாக ஆடும் பிட்சரைக் கட்டாயம் காப்பாற்றுங்கள். ஏ நிலையில் தடுமாறும் 22 வயது ஹிட்டரை விட்டுவைத்தாலும் எடுப்பவர் இருக்கமாட்டார்.

வாராந்தச் சிம்முக்கு முன்

ஒரே தடவையில் ஏழு நாள் ஓடும். செவ்வாய்க்கிழமை ஒருவர் காயப்பட்டால் ஞாயிறு வரை நீங்கள் கைவைக்க முடியாது. டெப்த் சார்ட்டில் ஒவ்வொரு இடத்துக்கும் மாற்று ஆளைப் போடுங்கள், வலக்கை பிட்சருக்கும் இடக்கை பிட்சருக்கும் தனித்தனியாக. பெக்அப் கெட்சரை ஐந்து ஆட்டத்துக்கு ஒரு தடவை தொடங்க விடுங்கள். களைத்த கெட்சரின் அடி விழும். மேஜர் பட்டியலில் 26 பேருக்கு மேல் வைத்து எக்ஸ்போர்ட் பண்ணினால் கொமிஷனர் யாரையாவது கீழே தள்ளவேண்டி வரும், அது நீங்கள் நினைத்த ஆளாக இருக்காது.

உங்கள் மைதானத்தின் பார்க் ஃபெக்டரையும் (மைதானம் ஓட்டங்களைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்ற எண்; 1.000 சராசரி) பாருங்கள். அமெரிக்காவின் டென்வர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,610 மீற்றர். நுவரெலியா 1,868 மீற்றர். காற்று மெலிந்த உயரத்தில் பந்து தூரம் போகும் என்பதால் டென்வரில் ஓட்டங்கள் கொட்டும். ஹோம் ரன் ஃபெக்டர் 1.000ஐத் தாண்டிய மைதானத்தில் மூவ்மென்ட் உயர்ந்த பிட்சருக்குத்தான் முதலில் பணம் போடவேண்டும். அங்கே ஆடும் உங்கள் ஹிட்டர்களின் ஹோம் ரன் கணக்கைப் பார்த்தே மற்ற ஜிஎம்கள் விலை பேசுவார்கள். விற்க நல்ல சரக்கு அது.

விற்பதும் வாங்குவதும்

தோட்டத்தில் எல்லா மலையையும் ஒரே வருடத்தில் கவாத்து வெட்டமாட்டார்கள். வெட்டினால் கொழுந்தே இராது. அணியும் அப்படித்தான். 30 வயது தாண்டிய ஹிட்டர்களை ஒரே நேரத்தில் தள்ளிவிட்டால் மூன்று சீசன் 100 தோல்வி வரும், ரசிகர் வருமானம் விழும், ஸ்கவுட்டிங்குக்கும் பணம் இராது. வருடத்துக்கு இரண்டு பேர் போதும். ஒப்பந்தம் முடிய ஒன்றரை வருடம் இருக்கும்போது விலை நன்றாக இருக்கும். கடைசி மூன்று மாதத்தில் பாதி.

ட்ரேடை (வீரர் பரிமாற்றத்தை) இரு பக்கமும் எழுத்தில் ஒத்துக்கொண்ட பிறகு, வருகிறவருக்கு 40 பேர் பட்டியலில் இடம் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் யாரை நீக்குவது என்பதையும் அன்றிரவே முடிவுசெய்து எக்ஸ்போர்ட் பண்ணுங்கள். விட்டுவைத்தால் கடைசி நிமிடத்தில் பட்டியலிலிருந்து இறக்கப்படுகிறவரை வேவர்ஸில் இன்னொரு அணி சும்மாவே எடுத்துக்கொள்ளும்.