பிளாஸ்மா கொடுத்தும் செல் ஒட்டவில்லையா?

ஆய்வகத்தில் செல்களை (உயிரணுக்களை) வளர்க்க எடுக்கும் சாதாரண பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் தட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் திரண்டு நிற்கும். ஆக்சிஜன் பிளாஸ்மாவில், அதாவது மின்சக்தியால் அயனியாக்கிய ஆக்சிஜன் வாயுவில், ஒரு நிமிடம் வைத்து எடுத்தபின் விட்டால் படர்ந்துவிடும். மேற்பரப்பில் ஹைட்ராக்சில், கார்பாக்சில் எனும் நீரை விரும்பும் வேதித் தொகுதிகள் ஏறிவிட்டன என்பதற்கு அது அடையாளம். ஆனால் அதைப் பார்த்ததுமே வேலை முடிந்தது என்று செல்களைக் கொட்டிவிடுகிறோம். மறுநாள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், விரிந்து படுத்திருக்க வேண்டிய செல்கள் உருண்டையாக மிதக்கின்றன. ஒரு வார உழைப்பு அதோடு போகும்.

செல் பிளாஸ்டிக்கை நேராகப் பிடிப்பதில்லை. செல் வளர்ப்புத் திரவத்தில் சேர்க்கும் சீரத்தில் (இரத்தத்தின் தெளிநீரில்) உள்ள ஃபைப்ரோனெக்டின், விட்ரோனெக்டின் போன்ற புரதங்கள் முதலில் படிகின்றன. செல் தன் மேற்பரப்பில் உள்ள இன்டெக்ரின் எனும் பிடிப்புப் புரதங்களால் அவற்றைத்தான் பற்றுகிறது. மேற்பரப்பு அளவுக்கு மீறி நீரை விரும்பினால் புரதமே சரியாகத் தங்காது. பல செல்வகைகளுக்குத் தொடுகோணம் (நீர்ச்சொட்டின் விளிம்பு மேற்பரப்போடு ஏற்படுத்தும் கோணம், சொட்டு படரப் படரக் குறையும்) 50 முதல் 70 பாகை வரை இருந்தால் போதும்.

அதனால் 'இன்னும் ஐந்து நிமிடம் வைப்போம்' என்ற ஆசை வேண்டாம். கூடுதல் நேரம் பாலிமர் சங்கிலிகளை அறுத்து, ஆக்சிஜன் ஏறிய சிறு துண்டுகளை மேலே விட்டுவைக்கிறது. கழுவினால் அவை போய்விடும். மேலே ஒட்டிய புரதமும் கூடவே போகும். தொடுகோணத்தைக் கழுவிய பிறகும் ஒருமுறை அளந்து பாருங்கள். தட்டுக்குப் பதில் சிலிக்கோன் ரப்பரான பிடிஎம்எஸ் என்றால், கூடுதல் நேரத்தால் அதன்மேல் கண்ணாடி போன்ற ஒரு தோல் உருவாகி, மயிரிழை விரிசல் விடும்.

பிடிஎம்எஸ்-க்கு இன்னொரு குணமும் உண்டு. காற்றில் வைத்தால் சில மணி நேரத்திலேயே பழையபடி நீரை ஒதுக்கத் தொடங்கும். உள்ளே இருக்கும் சிறு சிலிக்கோன் சங்கிலிகள் மேலே ஏறி வருவதே காரணம். நேற்று பிளாஸ்மா கொடுத்து மேசையில் வைத்ததை இன்று நம்பாதீர்கள். உடனே பயன்படுத்துங்கள், முடியாவிட்டால் தண்ணீரில் மூழ்கவைத்து வையுங்கள். பிடிஎம்எஸ் வைத்து எடுத்த பிளாஸ்மா கருவியின் அறையில் அப்படியே பாலிஸ்டைரீனைப் போட்டால் அதன்மேலும் சிலிக்கோன் படியக்கூடும். விரல் எண்ணெயும் அப்படித்தான், கையுறை இல்லாமல் தொடவே கூடாது.

அப்புறம் கிருமிநீக்கம். பாலிஸ்டைரீன் 100 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகிவிடும். அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் 121 டிகிரி ஆட்டோகிளேவில் வைத்தால் தட்டே நெளிந்துவிடும். பிளாஸ்மா கொடுத்தாயிற்று, கிருமி இருக்காது என்று சோதிக்காமல் நம்புவதும் தவறு.

பிளாஸ்மா மாற்றுவது மேலே சில நானோமீட்டர் மட்டும்தான். உள்ளிருந்து நஞ்சான சேர்மானம் கசியும் பிளாஸ்டிக்கை அது செல்லுக்கு உகந்ததாக ஆக்காது. ஒவ்வொரு சோதனையிலும் பிளாஸ்மா கொடுக்காத ஒரு துண்டையும், கடையில் வாங்கிய செல் வளர்ப்புத் தட்டையும் பக்கத்தில் வையுங்கள். செல் ஒட்டாதபோது குறை பிளாஸ்மாவிலா, செல்லிலேயா என்று அவைதான் காட்டும்.