பேசின் அடியில் தண்ணீர் கசிகிறதா? ஆங்கிள் வால்வை நீங்களே மாற்றலாம்

போன மாதம் ஒரு நாள் ராத்திரி, எங்கள் வாஷ்பேசின் அடியில் தரையெல்லாம் ஈரம். சொட்டுகிற இடத்தில் ஒரு லிட்டர் மக்கை வைத்தேன். இருபது நிமிடத்தில் நிறைந்துவிட்டது. கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 72 லிட்டர்! பிளம்பர் வர இரண்டு நாளாகும் என்றார். அதனால் நானே இறங்கினேன். மாற்ற வேண்டியது ஆங்கிள் வால்வு, அதாவது சுவரிலிருந்து வரும் தண்ணீரை பேசின் ஹோஸுக்குத் திருப்பிவிடும் சின்ன வால்வு.

1. கசிவு எங்கே என்று பாருங்கள். எல்லாவற்றையும் துணியால் துடைத்துவிட்டு, டிஷ்யூ பேப்பரால் மேலிருந்து கீழாக ஒவ்வொரு இணைப்பையும் ஒற்றுங்கள். ஹோஸ் நட்டில் நனைந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷரை மாற்றினால் போதும். வால்வு சுவருக்குள் போகிற இடத்தில் நனைந்தால் மேற்கொண்டு படியுங்கள்.

2. தண்ணீரை நிறுத்துங்கள். முதலில் கீசர் சுவிட்சை அணைத்துவிடுங்கள். பிறகு மாடி டேங்கிலிருந்து வரும் கேட் வால்வை மூடி, கீழே உள்ள குழாய்களைத் திறந்து லைனில் நிற்கும் தண்ணீரை வடியவிடுங்கள்.

3. பழைய வால்வைக் கழற்றுங்கள். முதலில் ஹோஸ், அப்புறம் வால்வு. சுவருக்குள் இருக்கும் மரையில் பழைய டெஃப்லான் டேப் (கசிவை அடைக்க மரையில் சுற்றும் மெல்லிய டேப்) துணுக்குகள் ஒட்டியிருக்கும். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். டார்ச் அடித்துப் பார்த்து, ஒரு துணுக்குகூட இல்லை என்று உறுதி செய்யுங்கள்.

4. டெஃப்லான் டேப் சுற்றுங்கள். வால்வின் மரை முனை உங்களைப் பார்த்து இருக்கட்டும். கடிகார முள் சுற்றும் திசையில், டேப்பை இழுத்துப் பிடித்தபடி பத்துச் சுற்று. திசை மாறினால் முறுக்கும்போது டேப் பிரிந்து சுருண்டுவிடும்.

5. முறுக்குங்கள். எனக்கு ஒரு மணி நேரம் போனது இங்கேதான். ஆங்கிள் வால்வின் வாய் கடைசியில் மேலே பார்த்து நிற்க வேண்டும். நான் முறுக்கியபோது இறுக்கம் வந்த இடத்தில் வாய் பக்கவாட்டில் நின்றது. சரி, கொஞ்சம் பின்னால் திருப்பி நேராக்கலாம் என்று கால் சுற்று திருப்பினேன். தண்ணீரைத் திறந்ததும் மறுபடி சொட்டு. டேப் ஒரு முறை நசுங்கிப் படிந்த பிறகு மரையைப் பின்னால் திருப்பினால் அந்த அடைப்பு விட்டுப்போகும். அதனால் முன்னால் மட்டும் திருப்புங்கள். நேராக நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டால் முழுதாகக் கழற்றி, மரையைச் சுத்தம் செய்து, புது டேப்பை இரண்டு மூன்று சுற்று கூடுதலாகச் சுற்றுங்கள். இறுக்கம் சீக்கிரமே வந்துவிடும், வாயும் சரியான இடத்தில் நிற்கும். மூன்றாவது தடவை எனக்கு அப்படித்தான் நின்றது.

பைப் ரிஞ்ச் வேண்டாம். அதன் பல் குரோம் பூச்சைக் கீறிவிடும். திருகி அளவு மாற்றும் ஸ்பேனரே நல்லது, வால்வைச் சுற்றி ஒரு துணி வைத்துப் பிடியுங்கள். பிளாஸ்டிக் வால்வு வாங்காதீர்கள், பித்தளையே வாங்குங்கள்.

6. சோதியுங்கள். ஹோஸை மாட்டிவிட்டு, மாடி வால்வை மெதுவாகத் திறங்கள். அடியில் செய்தித்தாளை விரித்து ராத்திரி முழுக்க விடுங்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் காலையில் காகிதம் காட்டிக்கொடுக்கும்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு இரண்டு பேர் கேட்ட சந்தேகங்கள்.

ஹோஸ் நட்டுக்கும் டேப் சுற்றலாமா? வேண்டாம். அங்கே அடைப்பது வாஷர்தான். ஒருவர் டேப் சுற்றி, கசிவு நிற்கவில்லை என்று மேலும் முறுக்கி, நட்டே விரிந்துவிட்டதாம். கையால் இறுக்கிவிட்டு, ஸ்பேனரால் கால் சுற்று கொடுத்தால் போதும்.

இன்னொருவர் வீட்டில் போர் தண்ணீர். உப்புப் படிந்து மாடி கேட் வால்வு அசையவே இல்லையாம். ரிஞ்ச் போட்டு மல்லுக்கட்டாதீர்கள், தண்டு முறிந்தால் டேங்க் தண்ணீரை நிறுத்தவே முடியாது. மோட்டார் போடாமல், டேங்கில் இருப்பதைக் குடங்களில் பிடித்து வைத்துக்கொண்டு காலியாக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். டேங்க் காலியாக இருக்கும்போதே அந்த கேட் வால்வை எடுத்துவிட்டு பால் வால்வு (உள்ளே துளையுள்ள பந்து சுழலும் வால்வு) போடச் சொல்லுங்கள். கால் சுற்றில் மூடிவிடலாம். உப்பு பிடிக்காமல் இருக்க, மாதம் ஒரு முறை மூடித் திறந்து வையுங்கள்.