பீட்டில்ஸ் டேக்குகளை எந்த வரிசையில் கேட்பது

பீட்டில்ஸின் ஸ்டுடியோ மிச்சங்களைச் சேர்க்க ஆரம்பித்தால் அதற்கு முடிவே கிடையாது. கோப்புகள் குவியும், கேட்பது மட்டும் நடக்காது. அதனால் புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் டேக்குகளை, அதாவது ஸ்டுடியோவில் அதைப் பதிவு செய்த ஒவ்வொரு முயற்சியையும், பதிவான தேதி வரிசையில் கேளுங்கள். அந்தப் பாட்டைப் பற்றி அவர்கள் கொடுத்த பேட்டிகளுக்கு அப்புறம் போங்கள். பேட்டியை முதலில் கேட்டுவிட்டால், அதில் சொன்னதைத்தான் காது டேப்பில் தேடிக்கொண்டிருக்கும்.

தொடங்குவதற்கு 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' நல்ல பாட்டு. திருட்டுப் பதிவு எதையும் தேடி அலைய வேண்டாம். 2017-ல் வந்த 'சார்ஜென்ட் பெப்பர்' ஆல்பத்தின் ஐம்பதாம் ஆண்டுப் பெட்டித் தொகுப்பிலேயே டேக் 1, 4, 7, 26 நான்கும் இருக்கின்றன. பாட்டை எழுதிய ஜான் லெனன் தன் வீட்டில் பாடிப் பார்த்த டெமோ, 1996-ல் வந்த அதிகாரபூர்வத் தொகுப்பான 'ஆந்தாலஜி 2'-ல் இருக்கிறது. டெமோவில் தொடங்குங்கள்.

டேக் 1, 1966 நவம்பர் 24 அன்று லண்டன் அபி ரோட்டில் பதிவானது. அது சரணத்தில் தொடங்குகிறது. நமக்குப் பழகிய பல்லவி பிறகுதான் வருகிறது. டேக் 7-ல் பல்லவி முன்னுக்கு வந்துவிடுகிறது. டேக் 26-ல் நான்கு ட்ரம்பெட், மூன்று செல்லோ சேர்ந்து பாட்டு வேறு வேகத்தில் பாய்கிறது. லெனனுக்கு ஏழாவதின் தொடக்கமும் பிடித்திருந்தது, இருபத்தாறாவதின் முடிவும் பிடித்திருந்தது. இரண்டையும் ஒட்டச் சொல்லிவிட்டார். சுருதியும் வேறு, வேகமும் வேறு. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக்கும் டேப்பின் வேகத்தை மாற்றி, டிசம்பர் 22 அன்று ஒட்டிக் காட்டினார்கள்.

அந்த ஒட்டைக் கேட்க வேண்டுமா? ஹெட்போன் போட்டுக்கொண்டு, வெளியான பாட்டில் சரியாக ஒரு நிமிடத்தை நெருங்கும்போது கவனியுங்கள். இரண்டாவது பல்லவியின் முதல் அடி ஓடிக்கொண்டிருக்கும்போதே செல்லோ உள்ளே வரும். அந்த நொடியிலிருந்து லெனனின் குரல் கொஞ்சம் கனத்துப்போகும். வேகமான டேக்கை மெதுவாக்கியதன் விளைவு அது. ஒருமுறை காதில் பட்டுவிட்டால் அப்புறம் ஒவ்வொரு தடவையும் கேட்கும். அதனால் பாட்டின் அழகு எனக்குக் கூடியதே தவிரக் குறையவில்லை.

டேக் எண்களைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். டேக் 26 என்றால் இருபத்தாறு தடவை வாசித்தார்கள் என்று பொருள் இல்லை. அப்போது அவர்களிடம் இருந்தது நான்கு ட்ராக் எந்திரம், அதாவது டேப்பில் நான்கு தனி ஒலித்தடங்கள்தான். ட்ராக்குகள் நிரம்பியதும் அவற்றைக் கலந்து இன்னொரு டேப்புக்கு மாற்றி இடம் பிடிப்பார்கள். அப்படி மாற்றியதற்கும் புது எண் விழும். டேக் 7 என்பதே டேக் 6-ஐ இப்படி மாற்றியதுதான். இந்தக் கணக்கெல்லாம் மார்க் லூயிசன் 1988-ல் எழுதிய பதிவு நாட்குறிப்பு நூலில் நாள்வாரியாக இருக்கிறது. அதைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளாமல் நான் எதையும் கேட்பதில்லை.

டேக்கைக் கேட்கும்போது பாட்டு தொடங்குவதற்கு முன்னும் நின்ற பின்னும் வரும் பேச்சை ஓட்டிவிடாதீர்கள். 'ஆந்தாலஜி 1'-ல் 'ஐ'ல் பி பேக்' பாட்டின் இரண்டு டேக்குகள் அடுத்தடுத்து வரும். முதலில் வருவது மூன்று அடி வால்ட்ஸ் தாளத்தில். லெனன் பாதியில் தடுமாறி நிறுத்தி, பாடக் கடினமாக இருக்கிறது என்கிறார். அடுத்த டேக்கிலேயே நான்கு அடித் தாளத்துக்கு வந்துவிடுகிறார்கள். நமக்குத் தெரிந்த பாட்டு அந்த இடத்தில்தான் பிறக்கிறது. எந்தப் பேட்டியாளரும் கேட்டு வாங்க முடியாத தகவல் இது.

அடுத்து, போலிகள். அபூர்வப் பதிவு என்ற பெயரில் சுற்றுவதில் கணிசமானவை, 2009-ல் வந்த 'ராக் பேண்ட்' வீடியோ விளையாட்டிலிருந்து தனித்தனியாகப் பிரித்தெடுத்த ட்ராக்குகளை வைத்து யாரோ செய்த புது மிக்ஸ்கள். கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் அந்தக் கோப்பையும் அதிகாரபூர்வப் பாட்டையும் ஒன்றின்கீழ் ஒன்றாக வையுங்கள். தொடக்கத்தைப் பொருத்துங்கள், வேகத்தைச் சரிசெய்து முடிவையும் பொருத்துங்கள். டேப்புகளுக்கு வேக வித்தியாசம் இருக்கும் என்பதால் இந்த இரண்டாவது வேலை முக்கியம். பிறகு நடுவில் எங்காவது கேளுங்கள். ட்ரம் அடிகள் அங்கேயும் அப்படியே பொருந்தினால், அது அதே டேக். வேகத்தை எண்ணித் தரும் கிளிக் ட்ராக் வைக்காமல் நான்கு மனிதர்கள் வாசித்தது. இரண்டு டேக்குகள் நடுவிலும் அப்படி ஒத்துப்போகாது. அதிகாரபூர்வத் தொகுப்பையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். 'ஆந்தாலஜி 2'-ல் உள்ள 'எ டே இன் தி லைஃப்' பல டேக்குகளைச் சேர்த்துத் தைத்தது.

1969 ஜனவரியில் பீட்டில்ஸின் ஒத்திகைகளைப் படம்பிடித்தபோது பதிவான டேப்புகள் தனி உலகம். படப்பிடிப்புக் குழு நாக்ரா என்ற கையடக்க டேப் எந்திரங்களில் மோனோவில் பதிவு செய்தது, ஒரு சுருள் சுமார் பதினாறு நிமிடம்தான். பேச்சு பாதியில் அறுந்தால் யாரோ மறைத்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் சுருள் தீர்ந்திருக்கும். ஏறக்குறைய 150 மணி நேர ஒலி அது. எடுத்த எடுப்பில் அதில் இறங்காதீர்கள்.

சரி, பேட்டிகள். ஒவ்வொரு பேட்டிக்கும் இரண்டு தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: பேசிய நாள், பேசப்படும் சம்பவம் நடந்த நாள். இடைவெளி கூடக்கூட, பேசுகிறவரின் அன்றைய மனநிலை உள்ளே வரும். 1970 டிசம்பரில் 'ரோலிங் ஸ்டோன்' இதழின் யான் வென்னரிடம் பேசிய லெனன் குழு உடைந்த கோபத்தில் இருந்தார். 1980-ல் 'பிளேபாய்' இதழுக்காக டேவிட் ஷெஃபிடம் பேசியபோது, 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்' சரியாகப் பதிவாகவில்லை என்று குறைப்பட்டார், தன் நல்ல பாட்டுகளில் மற்றவர்கள் கவனமில்லாமல் விளையாடினார்கள் என்ற தொனியில். அதைப் படித்துவிட்டு டேக்குகளுக்குத் திரும்புங்கள். ஏறக்குறைய ஒரு மாதம் ஒரே பாட்டை விடாமல் செதுக்கியிருக்கிறார்கள். லெனனின் மனக்குறை உண்மைதான். ஆனால் உழைப்பு அந்த டேப்பில் இருக்கிறது. நான் டேப்பின் பக்கம்.

இன்னொன்று, யார் கேள்வி கேட்டார்கள் என்று பாருங்கள். 1964-ல் அவர்களின் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனமான கேப்பிட்டல் வானொலி நிலையங்களுக்கு ஒரு தட்டு அனுப்பியது. அதில் பீட்டில்ஸின் பதில்கள் மட்டும் இருக்கும், நடுவே இடைவெளி விட்டிருக்கும். உள்ளூர் அறிவிப்பாளர் கூடவே வந்த தாளைப் பார்த்துக் கேள்வியை வாசிப்பார், பக்கத்தில் உட்கார்ந்து பேசியது போலவே ஒலிபரப்பாகும். ஒரே பதில்கள் வெவ்வேறு ஊர்க்காரர்களின் 'பிரத்தியேகப் பேட்டி'யாகக் கிடைத்தால் இந்தத் தட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பாட்டாக 'வைல் மை கிட்டார் ஜென்ட்லி வீப்ஸ்' எடுக்கலாம். 1968 மே மாதம், பாட்டை எழுதிய ஜார்ஜ் ஹாரிசனின் ஈஷர் வீட்டில் பதிவான டெமோ 2018-ல் வந்த 'ஒயிட் ஆல்பம்' பெட்டியில் இருக்கிறது. ஜூலை 25 அன்று பெரும்பாலும் கிட்டாரை மட்டும் வைத்துப் பாடியது 'ஆந்தாலஜி 3'-ல். செப்டம்பர் 6 அன்று கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் வந்து வாசித்ததுதான் வெளியான பாட்டு. இந்த மூன்றையும் ஒரே மாலையில் கேட்டுவிடலாம்.