ஓங்கில் மீன் அல்ல: கரையிலும் கடலிலும் நாம் செய்யும் தவறுகள்

டால்பினை நம் கடற்கரையில் ஓங்கில் என்பார்கள். அதற்குச் செவுள் கிடையாது. நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விடுகிறது, குட்டிக்குப் பால் கொடுக்கிறது. இது தெரிந்திருந்தும், கரையில் ஒன்று ஒதுங்கினால் அதை மீனாகவே நினைத்து ஓடுகிறோம்.

குடம் குடமாகத் தலையில் தண்ணீர் ஊற்றுவதுதான் முதல் தவறு. மூச்சுத்துளை தலை உச்சியில் இருக்கிறது. அதற்குள் தண்ணீரோ மணலோ போனால் மூச்சுத் திணறும். துளையை விட்டுவிட்டு உடம்பின்மேல் ஈரத்துணி போர்த்துங்கள், நிழல் கொடுங்கள், வயிறு கீழே இருக்கும்படி நிமிர்த்தி வையுங்கள். வாலைக் கட்டி இழுக்கவே கூடாது. மூட்டும் முதுகெலும்பும் சிதைந்துவிடும். கூட்டத்தை விலக்கி, வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

உடனே கடலுக்குள் தள்ளிவிடுவதும் பல நேரங்களில் உதவாது. 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டத்தின் மணப்பாட்டுக் கரையில் 80-க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. பெயர்தான் திமிங்கிலம், இனம் டால்பின் குடும்பம். மக்கள் பாடுபட்டுக் கடலில் விட்டவற்றில் பல, மீண்டும் கரைக்கே வந்தன. இவை கூட்டத்தை விட்டுப் பிரியாத உயிர்கள். நோயுற்றவையும் களைத்தவையும் தானாக ஆழத்துக்குப் போய்விடுவதில்லை. 2020 நவம்பரில் இலங்கையின் பாணந்துறையில் இதே இனம் ஒதுங்கியபோது, கடற்படையினரும் ஊர்மக்களும் இரவெல்லாம் உழைத்து, படகுகளின் துணையோடு ஆழமான நீருக்குக் கொண்டுபோய் விட்டார்கள். பெரும்பாலானவை பிழைத்தன.

இறந்து ஒதுங்கியதை யாருக்கும் சொல்லாமல் புதைப்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. நீளம், ஆணா பெண்ணா, வயிற்றில் இருந்த இரை, வலைத் தழும்பு என அந்த உடல் சொல்லக்கூடியது ஏராளம். உயிருள்ள ஓங்கிலிடமிருந்து அதில் பாதியைக்கூட அறிய முடியாது.

கணக்கெடுப்பிலும் மீன் நினைப்பு புகுந்துவிடுகிறது. படகிலிருந்து எண்ணிய தலைகளே மொத்தம் என்று எழுதிவிடுகிறார்கள். நாம் பார்ப்பது மூச்சு வாங்க மேலே வந்தவற்றை மட்டும். அடியில் இருந்தவை கணக்கில் இல்லை, ஒரே ஓங்கில் இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கவும் கூடும். அதனால்தான் ஆய்வாளர்கள் முதுகுத் துடுப்பின் வெட்டுகளையும் வடுக்களையும் படமெடுத்து ஒவ்வொன்றையும் அடையாளம் காண்கிறார்கள். கடல் கொந்தளித்த நாளின் எண்ணிக்கையைக் கண்ணாடிபோல் கிடந்த நாளோடு ஒப்பிட்டு, குறைந்துவிட்டது என்று அறிவிப்பதும் பிழை. படத்துக்காக ஓங்கிலைப் படகில் விரட்டிச் செல்வதோ கொடுமை. தாயும் குட்டியும் பிரியலாம்.

இனி வலை. இந்தியக் கரையோரத்தின் கூன்முதுகு ஓங்கில் பெரும்பாலும் 25 மீட்டருக்கும் குறைந்த ஆழத்தில், கரையை ஒட்டியே வாழ்கிறது. மீனின் செவுள் மாட்டிக்கொள்ளும் செவுள்வலைகளும் அங்கேதான் விரிக்கப்படுகின்றன. சிக்கிய ஓங்கில் மேலே வர முடியாமல் மூச்சடைத்துச் சாகிறது. ஓர் ஈற்றுக்கு ஒரே குட்டி, அதுவும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை. ஆகவே ஒரு தாயின் இழப்பை மீன்குஞ்சுகள்போல் அடுத்த பருவம் ஈடுசெய்யாது.

இந்த இடத்தில் மீனவரைக் குற்றவாளியாக நிறுத்துவது எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு என்பேன். டால்பின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வலையில் தவறிச் செத்ததைச் சொன்னால் வழக்கு வரும் என்று அஞ்சுபவர் உடலைக் கடலிலேயே விட்டுவிட்டு வருவார். எங்கே, எத்தனை பாகம் (மீனவர் ஆழம் சொல்லும் அளவு) ஆழத்தில், எந்தக் கண்ணளவு வலையில் சிக்கியது என்ற விவரமும் அதோடு மூழ்கிவிடும். அதைச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான்.