தோணி ஏன் உயருது? சொல்லிக்கொடுத்துப் படிக்கும் முறை

மிதத்தலைப் படித்து முடித்த பிள்ளை ஆக்கிமிடிசின் தத்துவத்தை (தண்ணீர் பொருளை மேலே தள்ளும் விசையான மேலுதைப்பு, அந்தப் பொருள் இடம்பெயர்த்த தண்ணீரின் நிறைக்குச் சமன்) மூச்சுவிடாமல் ஒப்புவிக்கும். மட்டக்களப்பு வாவியிலிருந்து முகத்துவாரத்தால் கடலுக்கு இறங்கும் தோணி அங்கே ஏன் கொஞ்சம் உயர்ந்து மிதக்கிறது என்று தம்பி கேட்டால்தான் தடுமாற்றம் தெரியவரும். அந்தத் தடுமாற்றத்தை வினாத்தாளுக்கு முன்பே பிடிக்கத்தான் சொல்லிக்கொடுப்பது.

முழு அலகையும் எடுக்க வேண்டாம். பத்து நிமிடத்தில் சொல்லி முடியும் ஒரு கேள்வி போதும். கொப்பியை மூடிவிட்டு, ஞாபகத்தில் இருப்பதை வெறுந்தாளில் எழுதி, படமும் கீறுங்கள். எழுத வராத இடத்தை வட்டமிட்ட பிறகே புத்தகத்தைத் திறக்கலாம். முதலே திறந்தால் எல்லாம் தெரிந்தது போலத்தான் இருக்கும்.

கேட்பதற்கு எட்டாம், ஒன்பதாம் தரப் பிள்ளை நல்லது. பாடம் தெரிந்த கூட்டாளி நீங்கள் விட்ட ஓட்டையைத் தானே மனதுக்குள் அடைத்துவிட்டுத் தலையாட்டுவான். சின்னவர்கள் விடமாட்டார்கள்:

"கடல் தண்ணிக்கு அடர்த்தி கூட. அதால மேலுதைப்பும் கூட. அதான் தோணி உயருது."

"மேலுதைப்பு கூடவெண்டா தோணி தண்ணிய விட்டே எழும்பணுமே, அக்கா?"

இங்கேதான் பலர் மாட்டுவார்கள். மிதக்கும் தோணிக்கு இரண்டு இடத்திலும் மேலுதைப்பு அதன் நிறைக்குச் சமன். மாறுவது அமிழ்ந்த கனவளவு. ஆட்களோடு தோணியின் திணிவு 410 கிலோகிராம் என்று வையுங்கள். கன மீற்றருக்கு 1000 கிலோகிராம் அடர்த்தியுள்ள நன்னீரில் அது 0.41 கன மீற்றரை இடம்பெயர்க்கும். 1025 உள்ள கடல்நீரில் 0.40 போதும். (மாரி வெள்ளத்தில்தான் வாவி நன்னீருக்குக் கிட்ட வரும். கோடையில் தண்ணீர் உவர்ப்பதால் வித்தியாசம் இன்னும் சுருங்கும்.)

வாயால் மட்டும் சொல்லாமல் காட்டுங்கள். 200 மில்லிலீற்றர் தண்ணீரில் புது முட்டையைப் போட்டால் தாழும். உப்பைத் தேக்கரண்டி தேக்கரண்டியாகக் கரைத்தால் ஐந்தாறு கரண்டிக்குள் எழும்பும். பழைய முட்டை வெறுந்தண்ணீரிலேயே மிதந்து மானத்தை வாங்கிவிடும். முதலே போட்டுப் பாருங்கள்.

பதில் தெரியாத கேள்வி வந்தால் சமாளிக்காமல் தாளில் குறித்து, "நாளைக்குச் சொல்றன்" என்று நிறுத்துங்கள். பிழையாகச் சொன்னது இரண்டு தலையிலும் பதிந்துவிடும். முடிவில் அதே விளக்கத்தைத் தம்பி உங்களுக்குத் திருப்பிச் சொல்லட்டும். அவன் குழம்பும் இடத்தில் பெரும்பாலும் உங்கள் விளக்கம்தான் ஒரு படியைத் தாண்டியிருக்கும்.

கேட்க ஆளில்லாத நாளில் போனில் பதிவுசெய்து கேளுங்கள். "அதாவது", "அது அப்படித்தான்" என்று இழுத்த இடங்களைக் குறித்து, புத்தகத்தில் அந்தப் பந்தியை மட்டும் வாசியுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து, தாள் பார்க்காமல், வேறொரு பிள்ளைக்கு மறுபடி சொல்லுங்கள். மூன்று பேருக்கு மேல் சேர்க்க வேண்டாம். கூடினால் அது ரியூசன் வகுப்பாகிவிடும், கேள்வி கேட்க ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள்.