மெய்நிகர் உலகம் பற்றி எழுதப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் இதழியல் படித்துவிட்டு, கேம், மெட்டாவெர்ஸ் (ஆட்கள் இணையத்தில் உருவம் எடுத்து உலவும் மெய்நிகர் உலகம்) பற்றித்தான் எழுதுவேன் என்று கிளம்பும் பிள்ளைகள் இப்போது உண்டு. நல்ல துறைதான். ஆனால் பெரும்பாலும் முதல் சறுக்கல் எண்ணிக்கையில்தான்.

கம்பெனி தரும் 'பதிவு செய்தவர்கள்' கணக்கை அப்படியே தலைப்பில் ஏற்றாதீர்கள். லிண்டன் லேப் என்ற அமெரிக்கக் கம்பெனி 2003இல் தொடங்கிய செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகத்தில், 2006 அக்டோபரில் பதிவு 10 லட்சத்தைத் தாண்டியது. பத்திரிகைகள் கொண்டாடின. ஒரே நேரத்தில் உள்ளே இருந்தவர்களோ ஆயிரங்களில்தான். ஒருவரே இரண்டு மூன்று கணக்கு வைத்திருப்பார். பலர் ஒருமுறை எட்டிப் பார்த்ததோடு சரி. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு இதுவரை வந்துபோன அத்தனை பேரும் இப்போது அங்கேயே நிற்கிறார்கள் என்று எழுதுவோமா? இந்த நிமிடம் உள்ளே எத்தனை பேர், போன மாதம் வந்தவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், காசு செலவழித்தவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். பதில் தரவில்லையா, தரவில்லை என்றே எழுதுங்கள்.

பணக் கதையும் அப்படித்தான். அதே 2006இல் செகண்ட் லைஃபில் அன்ஷே சங் என்ற அவதாரின் (உள்ளே ஒருவர் எடுக்கும் உருவம்) சொத்து 10 லட்சம் டாலர் என்று உலகமெங்கும் செய்தி வந்தது. அதில் பெரும்பகுதி ரொக்கமல்ல, மெய்நிகர் நிலத்துக்குப் போட்ட மதிப்பு. மொத்தமாக விற்கப் போனால் அந்த விலைக்கு ஆள் கிடைக்குமா என்பதுதான் நிருபரின் கேள்வி.

அடுத்தது, யார் காசில் எழுதுகிறோம் என்பதை மறைப்பது. வாக்னர் ஜேம்ஸ் ஆவ் என்ற பத்திரிகையாளர் 2003இல் லிண்டன் லேபிடமே சம்பளம் வாங்கிக்கொண்டு அந்த உலகத்துச் செய்திகளை எழுதினார். அது ஊருக்கே தெரியும்; அதனால் வாசகர் எடைபோட்டுப் படிக்க முடிந்தது. இலவசமாக வந்த ஹெட்செட்டைக்கூடச் சொல்லிவிடுங்கள். கம்பெனியைப் பகைத்தால் என்ன ஆகும்? சிம்ஸ் ஆன்லைன் என்ற இணைய விளையாட்டு உலகம் பற்றிச் செய்தித்தாள் நடத்திய பேராசிரியர் பீட்டர் லட்லோவின் கணக்கு 2003 கடைசியில் முடக்கப்பட்டது. உங்கள் ஸ்கிரீன்ஷாட், சாட் எல்லாம் வெளியே ஒரு பிரதி இருக்கட்டும்.

அப்புறம் பெயர். வில்லாபுரத்துப் பையன் ஒருவன் உள்ளே பெண் அவதாரில் துணிக்கடை நடத்தலாம். தெரு, கல்லூரி, வயது மூன்றையும் போட்டுவிட்டால் பெயரை மாற்றி என்ன பயன்? பக்கத்து வீட்டுக்காரர் கண்டுபிடித்துவிடுவார். எதை வெளியிடலாம் என்று அவனிடமே கேளுங்கள். பதினெட்டு வயது ஆகாதவன் என்றால் பெற்றோரிடமும் பேசாமல் எழுதக் கூடாது.