பிடித்த பந்துக்கு வரி உண்டா? அமெரிக்க ரசிகர் கவனிக்க வேண்டியவை

அமெரிக்க பேஸ்பால் மைதானத்தில் ஒரு சாதனை ஹோம் ரன் பந்து (மட்டையாளர் பார்வையாளர் பகுதிக்குள் பறக்கவிட்ட பந்து) உங்கள் கையில் வந்து விழுந்தால், இருக்கையை விட்டு எழும் முன்பே வரிக் கணக்கு தொடங்கிவிடுகிறது.

பந்தை உடனே திருப்பிக் கொடுப்பவருக்குக் கவலையில்லை. 1998இல் பேஸ்பால் வீரர் மார்க் மெக்வயர், ஒரு பருவத்துக்கான சாதனையை முறியடிக்கும் 62ஆவது ஹோம் ரன்னை நெருங்கிய வேளையில், பந்தைத் திருப்பித் தரும் ரசிகர் நன்கொடை வரி கட்ட நேரலாம் என்று வருவாய்த் துறையின் பேச்சாளர் ஒருவர் சொல்லப்போய்ப் பெரும் சலசலப்பு எழுந்தது. பிறகு அத்துறையே, அது பரிசொன்றை வேண்டாமென்று மறுப்பதற்கு ஒப்பானது, எனவே வருமான வரியும் இல்லை, நன்கொடை வரியும் இல்லை என்று அறிவித்தது. ஆனால் பந்துக்கு ஈடாக விலையுயர்ந்த டிக்கெட்டுகளையோ கையெழுத்திட்ட மட்டையையோ பெற்றுக்கொண்டால், அவற்றின் சந்தை மதிப்பை வருமானமாகக் கருத இடமுண்டு.

வைத்துக்கொள்ள முடிவு செய்தால்தான் சிக்கல். கண்டெடுத்த புதையல், தகராறற்ற உடைமையாகும் ஆண்டிலேயே வருமானமாகிறது என்பது அமெரிக்க விதி. 15 டாலருக்கு வாங்கிய பழைய பியானோவுக்குள் 4,467 டாலர் கண்டெடுத்த தம்பதியர் அதற்கு வரி கட்ட வேண்டும் என்று 1969இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே கிடைத்தது ரொக்கம். பந்தின் மதிப்போ ஏலத்தில் விடும்வரை வெறும் ஊகம். மீனவரிடம் மீனைப் பிடித்தவுடன் வரி கேட்பதில்லை, விற்றபின்தான் கேட்கிறோம் என்ற எதிர்வாதமே எனக்கு நியாயமாகப் படுகிறது. ஆயினும் 1998 அறிவிப்பு திருப்பித் தருபவரைப் பற்றி மட்டுமே பேசியது என்பதால், இந்த வாதத்தை நம்பி நடக்குமுன் வரி ஆலோசகர் ஒருவரைக் கலந்துகொள்ளுங்கள்.

உரிமையில் தகராறு இருந்தால் அதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். 2001இல் பேஸ்பால் வீரர் பேரி பாண்ட்ஸ் அந்தப் பருவத்தில் அடித்த 73ஆவது ஹோம் ரன் பந்துக்கு இருவர் உரிமை கோரினர். விற்றுச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ளும்படி நீதிமன்றம் உத்தரவிட, அது 4,50,000 டாலருக்கு ஏலம் போனது.

விற்றால் வரி நிச்சயம். பிடித்த தேதியைக் காட்டும் டிக்கெட்டைப் பத்திரப்படுத்துங்கள். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால் சேகரிப்புப் பொருளுக்கான கூட்டாட்சி மூலதன ஆதாய வரி 28 விழுக்காட்டைத் தாண்டாது, அதற்குள் விற்றால் 37 விழுக்காடு வரை போகலாம். 5,00,000 டாலர் ஆதாயத்தில், உச்ச விகிதத்தில் இந்த வேறுபாடு மட்டுமே 45,000 டாலர். பிடித்த ஆண்டிலேயே மதிப்பை வருமானமாகக் காட்டியிருந்தால், அதுவே அடக்க விலையாகி விற்பனை ஆதாயத்தைக் குறைக்கும். ஏல நிறுவனத்தின் தரகையும் கழித்துக்கொள்ளலாம். பணம் கைக்கு வந்ததும் அடுத்த ஏப்ரலில் வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்வரை காத்திராமல், அந்தக் காலாண்டுக்குரிய முன்கூட்டிய வரியைச் செலுத்திவிடுங்கள்.